தேயாத பல்

ஆற்றங்கரையில் ஒதுங்கிய உடலின் முகம் அடையாளம் தெரியாதபடி அழுகியிருந்தது. காணாமல் போனவனின் மனைவி சட்டையைப் பார்த்ததுமே, "என் வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள, பிணவறைக்குப் பல் டாக்டரை வரவழைத்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

"அவர் பல்லைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பார். கல்யாணமான நாள்லேர்ந்து நறநறன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்."

பிணத்தின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டர்.

"அப்படிக் கடிச்சா நுனி தேஞ்சு தட்டையாயிடும். இதுல நுனியெல்லாம் அப்படியே இருக்கு. ஈறு ஓரமாத்தான் பள்ளம் விழுந்திருக்கு. அது பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறவங்களுக்கு வர்றது. இவர் வேற யாரோம்மா."

அவள் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் கொட்டியது.

"அழாதீங்க. உங்க வீட்டுக்காரர் எங்கேயோ உயிரோடதான் இருக்கார். வந்துடுவார்."

இன்ஸ்பெக்டர் போன் பேச வெளியே போனார். அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அவர்தான்னே எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர். திரும்பி வந்தா இந்தத் தடவை என்னை உயிரோட விட மாட்டார்."