கடலில் விழுந்த தாலியும் இரண்டு கருவிகளும்

இராயபுரம் கடற்கரையில் வெயில் சாய்கிறது. காலையில் வலை அலசும்போது ஃப்ளோரன்ஸின் தாலி அறுந்து அலையில் விழுந்துவிட்டது. கடலுக்குப் போன கணவன் கரையேறுமுன் அது அவள் கழுத்தில் இருந்தாக வேண்டும். இராணுவப் பழஞ்சாமான் விற்கும் கன்னியப்பன், உலோகம் காட்டும் கருவிகள் இரண்டைச் சாக்கின்மேல் வைத்திருக்கிறார். காய்ந்த மணலில் நங்கூரத் துண்டைப் புதைத்து, அதன்மேல் பெரிய கருவியை நீட்டுகிறார், அது அலறுகிறது. தங்கம் தேடுபவளுக்கு இரும்பைக் காட்டி மெய்ப்பிப்பது எந்த ஊர் நேர்மை?

“இதான்மே ராஜா. அந்தச் சின்னது செவுடு.”

“தண்ணில வச்சிக் காட்டு நைனா. என் தாலி இன்னா ரோட்லயா கீது?”

அவள் தன் ஒரு காதின் கம்மலைக் கழற்றி, தூண்டில் நரம்பில் முடிந்து அலைக்குள் எறிகிறாள். மறுமுனையை விரலில் சுற்றிக்கொள்கிறாள்.

“யக்கா, அதுவும் பூடும்!” என்று பதறுகிறான் தம்பி ஸ்டானிஸ்லாஸ்.

“பேசாத, தேடுறா.”

உப்புநீர் பட்டதும் பெரிய கருவி வைத்த இடமெல்லாம் கதறுகிறது. ஸ்டானிஸ்லாஸ் அதைக் கரையில் போட்டுவிட்டுச் சின்னதை எடுக்கிறான். கம்மல் கிடக்கும் இடத்தில் மட்டும் அது மெல்ல முனகுகிறது. அடிவானில், கரை திரும்பும் படகுகளின் பாய்கள் தென்படுகின்றன. அவன் வலப்புறம் நகர்கிறான். கருவியோடு இணைந்த காதுக்குழாயைக் காதில் அழுத்திக்கொண்டு சட்டென்று நிற்கிறான்.

“யக்கா, இங்கயும் கத்துது.”

ஃப்ளோரன்ஸ் நரம்பை விரலிலிருந்து உருவிக் கடலிலேயே விட்டுவிட்டு, அவன் காலடி நீருக்குள் இரு கைகளையும் புதைக்கிறாள்.