நற்கருணைக்குப் போகாதவள்

அவள் எழுந்துவிட்டாள்.

ஆண்கள் முறைதான் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் இன்னும் ஒருத்தியும் அசையவில்லை. ஆலயத்தில் பாதிப் பேர் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேராகிய நாங்கள் பார்த்துவிட்டோம்.

தங்கபுஷ்பம் என் விலாவில் இடித்தாள்.

"ஏட்டி, எந்திச்சிட்டா பாரு."

இடித்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு முன்பே நான் பார்த்தாயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. சபை முழுவதும் முன்னால் போய், பலிபீடத்துக் கிராதியருகே முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கும். பெஞ்சுகள் காலியாகும். இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

யார் மேலாவது கசப்பு இருந்தால் முதலில் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொரு மாதமும் போதகர் ஐயா சொல்வார். அதை நிஜமென்று எடுத்துக்கொண்டவள் எங்கள் சபையில் இவள் ஒருத்திதான்.

மற்றவர்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தங்கபுஷ்பமும் ஜெயக்கிளியும் சாக்கடைத் தண்ணீருக்காகத் தெருவில் நின்று ஒருத்தி பரம்பரையை மற்றவள் இழுப்பாள். ஞாயிறு காலையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்.

சேலை மட்டும் உரசாது.

இவள் கசப்பு அண்ணன் மேல்.

அண்ணன் ஞானையா சபைச் செயலாளர். கோயில் சாவியெல்லாம் அவரிடம்.

இவள் மகன் கிங்ஸ்லி குடித்துவிட்டு பைக்கில் வந்து பாலத்துச் சுவரில் மோதினான். எங்கள் ஊரில் ஆள் போனால் கோயில் மணி விட்டு விட்டு அடிக்கும். அன்று அடிக்கவில்லை.

"குடிச்சிட்டுச் செத்தவனுக்கு மணி அடிச்சா சபைக்கு என்ன சாட்சி?" என்று ஞானையா மணிக்கூண்டைப் பூட்டிவிட்டார். ஞானஸ்நானத்தின்போது அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவர்தான்.

சத்தமே இல்லாமல் பெட்டி போயிற்று. அவள் செருப்புச் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியாமல் போகாது.

ஞானையா மட்டும் மாதம் தவறவில்லை. முதல் வரிசை, நடு இடம்.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. நாங்கள் அங்கே கை நீட்டும் நேரத்தில் இவள் இங்கே மடியில் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பாள். ஜெயக்கிளி பார்த்திருக்கிறாள். ரசம் வாயில் இருக்கும்போதே திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு உண்டு.

போன வாரம் புது ஐயா அவள் வீட்டுக்குப் போனார். நாங்கள் மதிலோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஒரு கைப்பிடிக் கீரைக்கு மூன்று பேர்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. மத்ததை ஆண்டவர் பாத்துக்கிடுவார்."

"மன்னிக்கலியே ஐயா. ஆண்டவர் முன்னாலேயே போய் முழங்கால் போட்டுக்கிட்டு எப்படிப் பொய் சொல்ல?"

ஐயா காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இப்போது எழுந்துவிட்டாள்.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடு வழியில் நடந்தாள். ஒருவழியாக மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தோம். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இனி எதைப் பேசுவது?

ஆனால் அவள் பெண்கள் மண்டியிடும் பக்கம் திரும்பவில்லை.

ஆண்கள் வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள். அண்ணன் முதுகுக்குப் பின்னால்.

அவர் கண்ணை மூடி, வலது கையை இடது கை மேல் வைத்து நீட்டியிருந்தார். ஐயா தட்டோடு மூன்று ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தார்.

பாடகர் குழு ஒரு சரணம் முடித்து மூச்சு வாங்கிய நேரம். அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, எனக்கு ஒம்மேல கோவம் இன்னும் போகல. போகணும்னுதான் இருக்கு."

அவ்வளவுதான். திரும்பி வந்து தன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை கை மடியில் விரியவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாடகர் குழுவுக்கு அடுத்த சரணம் மறந்துவிட்டது.

ஐயா ஞானையாவிடம் வந்தார். அப்பத்தை எடுத்தார்.

நீட்டியிருந்த கைகள் மெல்ல மூடிக்கொண்டன.

ஐயா அப்பத்தோடு நின்றார். ஞானையா வேண்டாமென்று தலையை அசைத்தார். ஐயா அடுத்த ஆளிடம் போனார்.

முழங்காலிலிருந்து எழ ஞானையாவுக்கு நேரம் பிடித்தது. பக்கத்து ஆள் கை கொடுக்கப் பார்த்தான். வாங்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பினார். அந்த முகத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அதற்கு மேல் பார்க்கவும் முடியாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். நான்கூட.

அவர் ஆண்கள் பக்கம் போகவில்லை.

பெண்கள் பக்கம் வந்தார். எங்கள் கோயில் கட்டிய நாளிலிருந்து ஆம்பிளை உட்காராத பக்கம். அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்து போகவும் இல்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. தங்கபுஷ்பம் எழுந்தாள், எதையோ யோசித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஜெயக்கிளி அவளைப் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். மற்றவர்கள் போனோம். வாங்கினோம். திரும்பினோம்.

திரும்பும்போதும் அவர்கள் அப்படியே இருந்தார்கள். இருவரும் முன்னால் பார்த்தபடி.

நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

அன்று கூட்டம் அதிகம். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அங்கே போய் உட்காரவில்லை.