வயிறு தெரியக்கூடாது

"கையை மேலை தூக்கு. இன்னும். உச்சியில நிண்டு அப்பிடித்தானே தூக்குவாய்?"

சாரங்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டினாள். சத்தியபாமா குனிந்து மகளின் இடுப்பைச் சுற்றிவரப் பார்த்தாள். மேல்சட்டை அசையவில்லை. இருந்தாலும் ஒரு சேஃப்டி பின்னைக் குத்திவிட்டாள்.

மெல்பேர்ன் விளையாட்டரங்கு ஒன்றின் உடை மாற்றும் அறை அது. மல்கிரேவ் புறநகரிலிருந்து வந்திருந்த சிறுமியர் சியர்லீடிங் ஆட்ட அணி முழுவதும் சத்தியபாமாவுக்கு முன்னால் வரிசையில் நின்றது. இன்றைக்கு முதலிடம் பிடித்தால் கோல்ட் கோஸ்ட்டில் தேசியப் போட்டி. சாரங்கிக்குப் பதினொரு வயது. அணியிலேயே எடை குறைந்தவள் என்பதால், மற்றப் பிள்ளைகளின் தோள்மேல் ஏறி உச்சியில் நிற்பது அவள்தான்.

உடுப்புப் பார்க்கும் பொறுப்பு சத்தியபாமாவுக்குச் சும்மா கிடைக்கவில்லை. போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, பிள்ளைகள் வயிறு தெரிய ஆட வேண்டிய அவசியம் என்ன என்று அவள் கேட்டாள். அன்றைக்குத் தொடங்கியவள் லேசில் விடவில்லை. வெள்ளைக்காரத் தாய்மார் சிலரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் போட்டியை நடத்துகிறவர்களே இறங்கி வந்து விதி போட்டார்கள். போட்டி விரிப்பில் கால் வைக்கும் யாருக்கும் வயிறோ இடுப்போ வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் பத்துப் புள்ளி வெட்டு.

'யாருக்கும்' என்பது சத்தியபாமா கேட்டு வாங்கிய சொல். பயிற்சியாளர் மிஷெலின் தொப்புளில் ஒரு வளையம் இருந்தது.

அந்த மிஷெல் இப்போது முழங்கால்வரை தொங்கும் டீ-சேர்ட்டோடு வாசலில் நின்றாள். "பாமா, கூப்பிடுகிறார்கள்" என்றாள். முழுப் பெயர் அவள் வாயில் நுழைவதில்லை.

"வாறம்" என்ற சத்தியபாமா, மகளின் சட்டையை மறுபடியும் கீழே இழுத்துவிட்டாள்.

"அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். உன்ரை வயித்தைப் பாக்கிறதுக்குப் பதிலா என்னைப் பாக்கட்டும். இஞ்ச கேள், சாரங்கி. சட்டை ஒருக்கா மேலை போச்சுதெண்டாலும் இண்டையோட உந்தச் சியர் முடிஞ்சுது. பேந்து அழக்கூடாது."

"போகாது, அம்மா."

"வெக்கமெண்டு ஒண்டு எங்களுக்கு இருக்கு. அதை விட்டிட்டு வாற கப் எனக்கு வேண்டாம்."

சாரங்கி ஓடிப்போய் அணியோடு சேர்ந்துகொண்டாள். சியரை விடச் சொன்னால் அவளுக்குச் சாப்பாடே இறங்காது. அது தாய்க்கும் தெரியும்.

பாட்டுத் தொடங்கியது. சத்தியபாமா விரிப்பின் ஓரத்தில் நின்று வயிறுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பிள்ளைகள் தோள்மேல் தோளாக எழும்பி நிற்க, உச்சியில் சாரங்கி கைகளை விரித்தாள். சட்டை மேலே போகவில்லை. அதற்குப் பிறகுதான் சத்தியபாமா மகளின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் ஒருநாளும் காணாத சிரிப்பு அதில் இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் அவள் விரிப்புக்குள் ஓடிப்போய், இறங்கிய பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மேலே கதிரைகளில் இருந்த கணவன் சச்சிதானந்தன் அதையும் வீடியோ எடுத்தான்.

முடிவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆகக்கூடிய புள்ளி மல்கிரேவுக்கு. ஆனால் உடை விதியை மீறியதால் பத்துப் புள்ளி வெட்டு. ஆகவே இரண்டாமிடம்.

பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தாய்மார் எல்லோரும் திரும்பிச் சத்தியபாமாவைப் பார்த்தார்கள். அவள் சாரங்கியைப் பார்த்தாள்.

"நீதான். உச்சியில நிண்டது நீதானே."

"இல்லையம்மா. ஐ ஸ்வேர். பின் அப்பிடியே இருக்கு, பாருங்கோ."

"நான் பாக்காத நேரத்தில போயிருக்கும். அவ்வளவு பிள்ளையளின்ரை வருசத்தையும் பாழாக்கிப்போட்டாய். இனி இந்தப் பக்கம் வாறேல்லை. மிஷெலிட்டச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுறம்."

சாரங்கி விம்மினாள். படியிறங்கி வந்த சச்சிதானந்தன், "இஞ்சேரும், ஆரெண்டு முதல்ல கேப்பமே" என்றான்.

"கேக்க என்ன இருக்கு? சரி, கேப்பம். உங்கட மகளின்ரை பேரை அவையள் வாயால சொல்லட்டும்."

மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் நடுவர் மேசைக்குப் போனாள். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்த வயதான பெண்மணி ஒருவர்தான் தலைமை நடுவர்.

"எந்தப் பிள்ளை?" என்று சத்தியபாமா ஆங்கிலத்தில் கேட்டாள். "என் மகளாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்."

"பிள்ளைகளில் ஒரு குறையும் இல்லை" என்றார் நடுவர். "இவ்வளவு ஒழுங்காக உடுத்திய அணியை இன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை."

"அப்படியென்றால் மிஷெலா?"

"இல்லை. ஆட்டம் முடிந்து, அணி இன்னும் விரிப்பில் நிற்கும்போது..." நடுவர் மிச்சத்தைச் சொல்லச் சங்கடப்பட்டு, கண்ணை மட்டும் தாழ்த்திக் காட்டினார்.

சத்தியபாமா அந்தப் பார்வை போன இடத்தைத் தானும் பார்த்தாள். மகளின் பெரிய நாளுக்கென்று விடியவே எழும்பிக் கட்டிய காஞ்சிபுரம் சேலையின் கொசுவத்துக்கும் பிளவுஸுக்கும் நடுவில், அவளுடைய சொந்த இடுப்பு நான்கு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.