உள்ளூர்ப் பெயர்

"பயப்படாம தொட்டுப் பாருங்க, கடிக்காது," என்று சொல்லி, பயிற்சியின் முதல் நாள் ஒரு முக்கண் நண்டைப் பச்சையம்மாவிடம் நீட்டினாள் அஸ்வினி.

பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

நாற்பது வருடமாக நண்டைக் காலொடித்துக் கூறு கட்டி விற்கிறவள் அவள். அவளுக்கு நண்டைத் தொடச் சொல்லித்தர மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்திருக்கிறது. அதுவும் நொச்சிக்குப்பத்து மணலில், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு.

'கரையோர உயிர்ச்சூழல்: வயது வந்தோருக்கான செயல்முறைப் பயிற்சி' என்று பேனர் வேறு. அன்றைக்கே அதைப் படித்துவிட்டு, "நம்ம வயசுக்கு வந்து நாப்பது வருசம் ஆவுது, இப்பதான் பேனர் வெக்கிறாங்கோ," என்றாள் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி.

எல்லாம் கடைக்காகத்தான். புது மீன் மார்க்கெட்டில் முன்வரிசைக் கடை வேண்டுமென்றால் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று எவனோ எழுதிவைத்துவிட்டான். பின்வரிசைக்கு ஈ வரும், ஆள் வராது.

அதனால் மூன்று சனிக்கிழமையும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள் பச்சையம்மா. ஆனால் வாயைக் கட்டவில்லை. அந்தப் பெண் காற்றைப் பற்றிச் சொன்னது தப்பு. சங்கரா மீனைப் பற்றிச் சொன்னது தப்பு. அலையைப் பற்றிச் சொன்னது தப்போ தப்பு. ஒவ்வொன்றையும் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

அஸ்வினியோ, "ரொம்ப தேங்ஸ்ம்மா," என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். திட்டினால் எழுதிக்கொள்கிற ஜென்மத்தை என்னதான் செய்வது?

இன்று பரீட்சை. பத்து உயிரினம், பத்துக்கும் உள்ளூர்ப் பெயர் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் சான்றிதழ் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுத்தால் இரண்டு பேருமே அவுட்.

ஒன்பதை மூச்சு விடாமல் சொன்னாள் பச்சையம்மா.

பத்தாவது பேசினில் கட்டைவிரல் நகமளவு ஒரு நண்டு. முதுகில் செம்மண் நிறத்தில் புள்ளி.

"இதுக்குப் பேரே கெடியாது. வலைல வந்தா ஒதறிட்டுப் போய்க்கினே இருப்போம்."

"இருக்கும்மா, புக்ல போட்டிருக்கோம். உங்க குப்பத்துக்காரர் ஒருத்தர்தான் சொன்னார்."

அஸ்வினி கையேட்டைப் பிரித்து, பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் காட்டினாள். ஒரு ஆணின் உள்ளங்கை. நடுவில் அந்த நண்டு.

"ஆறு வருஷம் முன்னாடி நான் எடுத்த போட்டோ. அவரே பிடிச்சுக் கொண்டுவந்து காட்டினார். பேரு என்னன்னு கேட்டேன், டக்குனு சொல்லிட்டார்."

அந்தக் கையில் மோதிரவிரல் பாதிதான் இருந்தது. மீதி படகு எஞ்சினில் போனது. கட்டுப் போட்டுவிட்டது பச்சையம்மாதான்.

அவள் வீட்டுக்காரரின் கை அது. ஈரல் வெந்து செத்து மூன்று வருடம் ஆகிறது.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. படித்தவர் யார் 'பேரு என்ன' என்று கேட்டாலும், மனுஷன் லுங்கியை இறக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, தன் பெயரைச் சொல்லுவார். ஓட்டர் லிஸ்டோ, கேஸோ, என்ன எழவோ என்ற பயம். ஒருத்தி நண்டுக்குப் பெயர் கேட்பாள் என்று அந்த மூளைக்கு எப்படி எட்டும்? இருந்தவரைக்கும் உருப்படியாக ஒன்றும் செய்யாத ஆள், போகும்போது தன் முட்டாள்தனத்தைப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே கிடையாது. ரேஷன் கடையிலும், ஆஸ்பத்திரியிலும், கடைசியில் சுடுகாட்டு ரசீதுக்கும்கூட ஆரோக்கியமேரிதான் சொன்னாள்.

இப்போதும் ஆரோக்கியமேரி வாயைத் திறந்தாள். அஸ்வினி விரலை நீட்டி அடக்கினாள்.

தப்பு என்று சொல்லிவிட்டால் போதும். மூன்று வாரமாகக் கண்டுபிடித்த தப்பையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்தப் பெண் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் என்று பார்க்கலாம்.

அப்புறம் தேங்ஸ் சொல்லும். நோட்டில் எழுதும். புத்தகத்திலிருந்து அவர் பெயரை அடித்துவிடும்.

பச்சையம்மா அந்தப் பாதி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருமிக்கொண்டாள்.

"மண்ணாங்கட்டி."

பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பச்சையம்மா டீச்சரை நேருக்கு நேர் திட்டியேவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், நாலாவதாவது நிலைக்கட்டும் என்று அவரைப் பெற்றவள் வைத்த பெயர் அது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அஸ்வினி குதித்தாள். "கரெக்ட்! எனக்கே டவுட்டா இருந்துச்சும்மா, நண்டுக்குப் போய் இப்படி ஒரு பேரான்னு. அடுத்த புக்ல எடுத்துடலாம்னு இருந்தேன்."

"எடுக்காதம்மா," என்றாள் பச்சையம்மா. "குப்பத்துல அல்லாரும் அப்டித்தான் கூப்புடுவாங்கோ. நான்தான் கூப்ட்டதில்ல."