காராச்சேவுக்காக அழுதவர்கள்

ஆலமரத்தடிப் பெருச்சாளி அண்ணாச்சி தன் காராச்சேவுக் கடையை மூடப்போகிறார் என்று தெரிந்ததும், முதலில் அழுதது அணிலாகிய நான்தான். "அந்தச் சேவைத் தின்னு வளர்ந்த உடம்பு இது!" என்று வாலைத் தூக்கிக் காட்டினேன். காடே திரண்டு வந்து கூட அழுதது.

மைனா மட்டும் என் காதருகே வந்து, "நீ கடைசியா எப்ப வாங்குனே?" என்றது.

"துக்க வீட்டுல கேக்குற கேள்வியா இது?" என்று அதட்டினேன்.

கூட்டத்தைப் பார்த்து அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை பேர் இருக்கீங்களா! நாளைக்கும் கடையைத் தொறக்கேன்," என்றார். எல்லோரும் கைதட்டினோம். நான் விசிலும் அடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் சேவு மணம் வந்தது. நேற்று அழுத கூட்டம் மொத்தமும் அங்கே வரிசையில் நிற்குமே, நமக்கு எதற்கு வம்பு என்று எதிர்மரத்துக் கடைக்குப் பாக்கெட் சிப்ஸ் வாங்கப் போனேன். அங்கே பெரிய வரிசை. நேற்று அழுத அத்தனை பேரும் நின்றார்கள். எனக்கு முன்னால் மைனா.

சாயங்காலமே அண்ணாச்சி கடையை ஒரேயடியாக மூடிவிட்டார். ஓடிப்போய் முதலில் அழுததும் நான்தான். முந்தின நாள் பழக்கத்தில் அழுகை நன்றாகவே வந்தது.