சக்கரம் தெரியும் வரை

திரையில் மறுபடியும் சிவப்பு.

நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் நானூற்றுப் பதினொன்று தேறிப் பச்சை. ஒன்று மட்டும் மசியவில்லை.

பஸ் டிக்கெட் விற்கும் இணையப் பக்கம். அதைச் சோதிக்க அவள் எழுதிய நிரல் பொத்தானை அழுத்தும். காத்திருக்கச் சொல்லித் திரையில் சுழலும் சக்கரம் மறைந்ததும் சீட் எண்ணைப் படிக்கும். படிக்கப் போனால், எண் இல்லை.

கூடவே உட்கார்ந்து அடி அடியாக ஓட்டினால் தேறிவிடுகிறது. முகத்தைத் திருப்பினால் போச்சு. ஆள் பார்க்கும்வரை தராசை நேராகப் பிடிக்கிற கடைக்காரன் மாதிரி.

"நாலு மணிக்குள்ள எல்லாம் பச்சையா வேணும் அம்மிணி. இல்லாட்டி திங்கக்கிழமை உங்க சீட்டுல வேற ஆளுங்க." காலையில் மேனேஜர் தண்டபாணி சொன்னது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

படிக்குமுன் நிரலை ஐந்து விநாடி நிறுத்திப் பார்த்தாள். ஏழு ஓட்டத்துக்கு ஒரு சிவப்பு.

எட்டு விநாடி. பத்துக்கு ஒன்று.

பேரத்தில் முதலில் எண்ணைச் சொல்பவன் தோற்பான். அவள் காலையிலிருந்து எண்ணாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாற்பது.

தான் எழுதிய வரியைத் தானே வாசித்தாள்.

சக்கரம் இல்லையென்றால் படி.

பொத்தானை அழுத்தியதும் சக்கரம் வந்துவிடுவதில்லை. பக்கம் ஒரு மூச்சு எடுக்கிறது. நிரல் அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கிறது. சக்கரம் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறது.

கடை திறக்குமுன் போய், கூட்டமில்லை, வியாபாரம் முடிந்தது என்று திரும்புகிற கெட்டிக்காரன்.

விநாடி எண்களையெல்லாம் அழித்தாள். முதலில் சக்கரம் வரட்டும், பிறகு மறையட்டும் என்று மாற்றினாள்.

பச்சை. மறுபடி பச்சை. நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்க, எல்லாமே பச்சை.

கண்ணாடி அறைக்குள் போய்க் காட்டினாள். தண்டபாணி பார்த்தார். தலையாட்டினார். திங்கட்கிழமையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா சார்?"

"ம்."

அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. காலையாக இருந்தால் அதையே நல்ல சேதியென்று எடுத்திருப்பாள்.

தன் இடத்துக்கு வந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

கண்ணாடிக்கு அப்பால், தண்டபாணி போனை எடுத்தார். அவள் நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

சக்கரம் இப்போதுதான் வந்திருக்கிறது. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எத்தனை விநாடி என்று எண்ணவில்லை.