அக்காவின் இரைப்பை

மேல்வயிறு வலிக்கிறது என்று அக்கா சொன்னபோது, "மாதவிலக்கு நிக்கிற வயசுல இதெல்லாம் இருக்கும்க்கா" என்று தட்டிக்கழித்தவள் தங்கைதான். அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் அக்காவும் நம்பிவிட்டாள். இரைப்பைப் புற்றுநோய் அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

பெண் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இரைப்பைக் கட்டிகளில் உண்டா என்ற ஆய்வுக்கு, மெழுகில் பதித்துவைத்த அக்காவின் திசுவும் வந்தது. அவளே அதை மெல்லிய ஏடாகச் சீவிச் சாயமேற்றினாள். ஏற்பி இருந்தால் பழுப்பாகத் தெரியும்; எதுவும் தெரியவில்லை. மறுநாள் அதே மெழுகிலிருந்து சீவியதில் எங்கும் பழுப்பாகத் தெரிந்தது.

"உயிரோட இருக்கிற உடம்புலதான் இப்படி மாறும். இன்னொண்ணு சீவுங்க" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர்.

மெழுகுக்கட்டி உடம்புச் சூட்டில் இருந்தது. கத்தி வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

விரலுக்கடியில் மெழுகு லேசாகச் சுருங்கியது.